மரமேறி வைத்தியம் பார்க்கிற வேலை: சென்னைவாசிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வீடு, அடுக்ககம், பள்ளிக்கூடம், கோயில் என்று சென்னையில் பல இடங்களில் மரமேறிக் கிளை கழிப்பதும், நோய் பார்ப்பதும், சாய்ந்த மரத்தைக் காப்பாற்ற முடியுமா என்று சொல்வதும் எங்கள் சின்னக் குழுவின் வேலை. போனில் பேசுகிறவர்களும், வேலை நடக்கும்போது கீழே நின்று அண்ணாந்து பார்க்கிறவர்களும் கேட்கும் கேள்விகளை இங்கே பதிலோடு எழுதியிருக்கிறேன். உங்கள் வீட்டு மரத்தைப் பற்றிய கேள்விகள் முன்னால் வரும். என் பிழைப்பு, ஓய்வு நேரம் பற்றியவை பின்னால் வரும்.

மரம் வெட்டுகிற ஆள்தானே நீங்கள்? இதில் வைத்தியம் எங்கே வருகிறது?

வெட்டுகிறோம், உண்மைதான். ஆனால் எங்களைக் கூப்பிடுகிறவர்களில் பெரும்பாலானோருக்கு மரத்தையே எடுக்க வேண்டிய தேவை இருக்காது. 'வேப்பமரத்தை எடுத்துடுங்க' என்று போன் வந்தால் 'ஏன் சார், என்ன பிரச்சனை?' என்றுதான் முதலில் கேட்பேன். கார் நிறுத்தும் இடத்துக்கு மேலே ஒரு பட்ட கிளை நிற்கும். மொட்டை மாடியில் புதிதாக சோலார் தகடு போட்டிருப்பார்கள், மதியத்துக்கு மேல் அதில் நிழல் விழும். சம்ப்புக்குள் இலை விழும். முருங்கையிலிருந்து கம்பளிப்பூச்சி இறங்கித் துணியில் ஏறுகிறது என்று பக்கத்து வீட்டு மாமி சண்டை பிடித்திருப்பார். இதெல்லாம் ஓரிரு கிளையோடு தீர்ந்துவிடும். எந்தக் கிளையை எடுக்கலாம், எதைத் தொடக் கூடாது, எடுத்தால் மரம் அந்தக் காயத்தை மூடிக்கொள்ளுமா என்று பார்த்துச் சொல்வதுதான் வைத்தியம். ரம்பம் பிடிப்பது அதற்கு அப்புறம்.

புயலுக்கு முன்னால் மொட்டையடித்துவிட்டால் மரம் விழாதுதானே?

இந்த ஒரு கேள்விக்கு எத்தனை முறை வேண்டுமானாலும் பதில் சொல்லத் தயார். ஏனென்றால் சென்னையில் மரங்களுக்கு நடக்கும் கொடுமைகளில் பெரியது இதுதான்.

மரத்தின் சாப்பாடு இலையில் தயாராகிறது. தலையை மொத்தமாக எடுத்துவிட்டால் அது பட்டினி கிடக்கும். வேரிலும் தண்டிலும் சேர்த்து வைத்திருந்த மாவுச்சத்தைக் கரைத்து அவசர அவசரமாகத் துளிர்விடும். இரண்டு மாதத்தில் குச்சி குச்சியாக அடர்ந்து வரும் துளிரைப் பார்த்து 'பாருங்க, எப்படி நல்லா தழைச்சிருக்கு' என்று சந்தோஷப்படுவார்கள். அந்தத் துளிர்களுக்குப் பிடிமானம் கிடையாது. இயல்பாக வளரும் கிளை, தண்டுக்குள் ஆழத்திலிருந்து வருடா வருடம் கட்டையோடு கட்டை பின்னிக்கொண்டு வரும். மொட்டையடித்தபின் வரும் துளிரோ பட்டைக்குச் சற்று உள்ளேயிருந்துதான் கிளம்புகிறது. ஐந்தாறு வருடத்தில் அது தொடை தடிமனாகிவிடும். அதற்குள் வெட்டிய நுனியிலிருந்து கட்டை கீழ்நோக்கி அழுகத் தொடங்கியிருக்கும். கனமான கிளை, அழுகிய அடி, நவம்பர் காற்று: மூன்றும் சேர்ந்தால் அந்தக் கிளைதான் முதலில் முறிந்து காரின் மேல் விழும்.

காற்றுக்காகக் கழிக்க வேண்டுமானால் உள்ளே உரசிக்கொள்ளும் கிளை, பட்டது, நோய் பிடித்தது, எல்லை மீறி நீண்டது இவற்றைப் பார்த்து எடுத்து, காற்று ஊடே போக வழி செய்ய வேண்டும். நன்றாக இருக்கும் மரத்தில்கூட ஒரே தடவையில் இலைப்பரப்பில் கால்வாசிக்கு மேல் எடுப்பதில்லை. வயதான மரத்தில் இன்னும் குறைவுதான்.

தெருப்பக்கம் மட்டும் வெட்டிவிட்டு வீட்டுப்பக்கத்தை விட்டுவிடுவதும் இதே அளவு கெடுதல். வருடா வருடம் ஒரு பக்கமே கழிபட்ட மரத்தின் எடை மறுபக்கம் சாய்ந்துவிடுகிறது. அப்படிப்பட்ட மரம் எந்தப் பக்கம் விழும் என்று சொல்ல ஜோசியம் தேவையில்லை.

சரி, வெட்டினால் எந்த இடத்தில் வெட்ட வேண்டும்?

கிளை தண்டோடு சேரும் இடத்துக்குப் போய்ப் பாருங்கள். மேல்பக்கம் கவையில் பட்டை சுருங்கி ஒரு கறுத்த மேடு ஓடும். கீழ்ப்பக்கம் கிளையின் அடி கொஞ்சம் பருத்து ஒரு தடிப்பு இருக்கும். அந்தத் தடிப்பை நாங்கள் கழுத்து என்போம். வேம்பில் விரலால் தடவினாலே தெரியும், பூவரசில் பார்த்தவுடன் தெரியும். காயத்தை மூடும் திசு அங்கேதான் இருக்கிறது. அதற்குச் சற்று வெளியே, கழுத்தைச் சேதப்படுத்தாமல் வெட்ட வேண்டும். தண்டோடு வழுவழுவென்று ஒட்டி வெட்டினால் கழுத்தும் போய்விடும். அரை அடி குச்சி விட்டு வெட்டினால் அந்தக் குச்சி செத்து, அழுகல் உள்ளே போவதற்கு வழியாகிவிடும்.

கனமான கிளையை ஒரே வெட்டில் எடுக்கக் கூடாது. கழுத்திலிருந்து ஓர் அடி தள்ளிக் கீழிருந்து மேலாகக் கால்வாசி அறுத்துவிட்டு, அதற்குச் சற்று வெளியே மேலிருந்து அறுக்க வேண்டும். கிளை போன பிறகு, மிச்சமிருக்கும் துண்டைக் கழுத்தை ஒட்டி எடுக்க வேண்டும். முதல் வெட்டை விட்டுவிட்டால், கிளை சாயும்போது தண்டின் பட்டையை ஆள் உயரத்துக்கு உரித்துக்கொண்டு இறங்கும். அவசரத்தில் வெட்டப்பட்ட தெரு மரங்களில் அந்த நீண்ட தழும்பைப் பார்க்கலாம்.

இந்த முறைக்குப் பின்னால் அமெரிக்க வனத்துறை ஆய்வாளர் அலெக்ஸ் ஷைகோவின் வாழ்நாள் உழைப்பு இருக்கிறது. ஆயிரக்கணக்கான மரங்களை நீளவாக்கில் பிளந்து, காயம்பட்ட இடத்தைச் சுற்றி மரம் எப்படித் தடுப்பு எழுப்பிக்கொள்கிறது என்று காட்டினார் அவர். நமக்கு ஏற்படும் புண்ணில் பழைய சதை போய்ப் புதுச் சதை வருகிறது. மரத்துக்கு அந்த வசதி இல்லை. கெட்ட கட்டை கெட்டதுதான். அதை உள்ளேயே வைத்து அடைத்துவிட்டு, மேலே புதுக் கட்டையை வளர்த்துக்கொள்ளும். அதனால்தான் வெட்டுகிற இடம் இவ்வளவு முக்கியம்.

வெட்டிய இடத்தில் பெயிண்ட் அடிக்கலாமா, சாணி பூசலாமா? பொந்தை சிமெண்ட் வைத்து அடைக்கலாமா?

வேண்டாம். சரியான இடத்தில் வெட்டிய காயம் காற்றாடக் கிடந்தாலே போதும். மேலே பூசுவது ஈரத்தை உள்ளே பூட்டிவைக்கும். பொந்தில் சிமெண்ட் போட்டால், மரம் காற்றில் ஆடும்போது அசையாத அந்தக் கட்டி உள்ளே உரசி உரசி நல்ல கட்டையையும் கெடுக்கும். தண்ணீரும் தேங்கும். பொந்து இருப்பதாலேயே மரம் விழுந்துவிடாது. சுற்றி எவ்வளவு நல்ல கட்டை மிச்சம் என்பதுதான் கணக்கு.

வர்தா புயலில் அத்தனை மரங்கள் ஏன் விழுந்தன? எல்லாம் வெளிநாட்டு மரம் என்பதால்தானா?

2016 டிசம்பர் 12 அன்று வர்தா கரையைக் கடந்தபோது மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் காற்று அடித்தது. ஆயிரக்கணக்கான மரங்கள் ஒரே பகலில் சாய்ந்தன. குல்மோகரும் இயல்வாகையும் அதில் நிறைய. குல்மோகர் மடகாஸ்கரிலிருந்து வந்தது. வேர் மேலாகவே ஓடும், கட்டை சீக்கிரம் முறியும். ஆகவே மர வகைக்கும் இதில் பங்கு உண்டு. ஆனால் அதோடு பேச்சை முடித்துக்கொள்வதை என்னால் ஏற்க முடியாது. வேம்பும் புங்கனும்கூடத்தானே விழுந்தன?

விழுந்த மரத்தின் அடியைப் பார்த்தவர்களுக்கு விஷயம் புரியும். மரத்தின் பெரும்பாலான வேர்கள் மண்ணின் மேல் இரண்டு மூன்று அடிக்குள்தான் இருக்கின்றன. பக்கவாட்டில் குடை விரிந்திருக்கும் தூரத்தையும் தாண்டி ஓடுகின்றன. நம் தெருக்களில் ஒரு பக்கம் சாலை, மறுபக்கம் வீட்டுச் சுவர், நடுவில் மழைநீர் வடிகால், கேபிள் குழி, குடிநீர்க் குழாய். ஒவ்வொரு முறை பள்ளம் தோண்டும்போதும் பொக்லைன் ஒரு பக்கத்து வேரைக் கத்தரித்துவிட்டுப் போகும். மரம் அன்றைக்கு விழாது. இலைகூட வாடாமல் நிற்கலாம். மூன்று வருடம் கழித்துப் புயல் வரும்போது, வேர் வெட்டுப்பட்ட பக்கம் பிடித்து நிறுத்த ஒன்றுமில்லாமல் போகும். புயலில்தான் விழுந்தது என்று எல்லோரும் சொல்வோம். அந்த மரத்தின் விதி பள்ளம் தோண்டிய அன்றைக்கே முடிவாகிவிட்டது.

இன்னொன்று, அடிமரத்தைச் சுற்றி சிமெண்டையும் பேவர் பிளாக்கையும் கழுத்தை நெரிக்கிற மாதிரி பதிப்பது. வேருக்கும் மூச்சு வேண்டும், தண்ணீர் இறங்க வேண்டும். தண்டைச் சுற்றி குறைந்தது ஒரு மீட்டர் மண்ணைத் திறந்து விடுங்கள். உங்கள் வாசலில் ஒரு தெரு மரம் இருந்தால், வடிகால் வேலை நடக்கும் நாளில் வெளியே வந்து நின்று, பெரிய வேர் தென்பட்டால் கையால் தோண்டச் சொல்லிக் கேளுங்கள். பக்கத்தில் ஒருவர் நின்று கேட்டாலே வேலை செய்பவர்கள் கவனமாகச் செய்வார்கள். நான் பார்த்திருக்கிறேன்.

என் வீட்டு மரம் விழுமா, விழாதா? எப்படித் தெரிந்துகொள்வது?

பல வருடமாகச் சாய்ந்தே வளர்ந்த மரம், நுனியை நிமிர்த்திக்கொண்டிருந்தால் பொதுவாகப் பயமில்லை. போன வாரம் நேராக இருந்தது இந்த வாரம் சாய்ந்திருந்தால்தான் ஆபத்து. சாய்வுக்கு எதிர்ப்பக்கம் மண் வெடித்திருக்கிறதா, மேடாகக் கிளம்பியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அன்றைக்கே ஆளைக் கூப்பிடுங்கள். கீழே கார் நிறுத்தாதீர்கள், குழந்தைகளை விளையாட விடாதீர்கள்.

அடிமரத்தில் தட்டுத் தட்டாகக் கெட்டியான காளான் முளைத்திருந்தால் உள்ளே கட்டை அழுகுகிறது என்று பொருள். இரண்டு பெரிய கிளைகள் இறுக்கமாக ஒட்டிப் பிரியும் கவையில் விரிசல் தெரிந்தால் அதுவும் அவசரம்தான். மரச் சுத்தியால் தண்டைச் சுற்றித் தட்டிக் கேட்பது எங்கள் முதல் சோதனை. நல்ல கட்டை கணீரென்றும் பொந்து டொம்மென்றும் சொல்லும்.

பட்டையின் மேல் கறையான் மண் ஏறியிருப்பதைப் பார்த்துப் பயந்துதான் நிறையப் பேர் கூப்பிடுகிறார்கள். பெரும்பாலும் அது செத்த வெளிப்பட்டையைத் தின்றுகொண்டிருக்கும். மண்ணைத் துடைப்பத்தால் தட்டிவிட்டு, அடியில் பட்டை பச்சையாக இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

எந்த மாதத்தில் கழிப்பது நல்லது?

வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால், ஜூலையிலிருந்து செப்டம்பருக்குள். ஆடிக்காற்றில் எந்தக் கிளை பலவீனம் என்று தெரிந்துவிடும். மழை வருவதற்குள் வெட்டிய இடமும் ஆறத் தொடங்கும். மாமரத்துக்குக் காய் பறித்து முடிந்த கையோடு கவாத்து செய்தால் அடுத்த பருவத்துக்குத் துளிர் தயாராகிவிடும். கத்திரி வெயிலில் நான் பெரிய வேலை எடுப்பதில்லை. நிழலிலேயே இருந்து பழகிய பட்டை திடீரென்று வெயில் பட்டால் வெடித்துவிடும். புயல் எச்சரிக்கை வந்த பிறகு வரும் போன்கள்தான் வருத்தமாக இருக்கும். அந்த நேரத்தில் விழப்போகிற கிளையை இறக்கத்தான் முடியும், மரத்தைச் சீர்செய்ய முடியாது.

வெட்ட அனுமதி வாங்க வேண்டுமா?

தெருவில் நிற்கும் மரத்தை நீங்களும் தொடக் கூடாது, நானும் தொடக் கூடாது. அது மாநகராட்சியின் பொறுப்பு. 1913 என்ற எண்ணில் புகார் பதியலாம், வார்டு அலுவலகத்தில் எழுதிக் கொடுக்கலாம். பொது இடத்து மரத்தை முழுதாக எடுப்பதற்கு மாவட்டப் பசுமைக் குழுவின் ஒப்புதல் வேண்டும்.

சொந்த மனையில் உள்ள மரமானாலும், முழுதாக எடுப்பதாக இருந்தால் முதலில் மண்டல அலுவலகத்தில் கேட்டு எழுத்தில் வாங்கச் சொல்வேன். பின்னால் அக்கம்பக்கத்துப் புகார் வந்தால் அந்தத் தாள்தான் பேசும். நம் மாநில மரமான பனை என்றால் கதையே வேறு, மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும். வெளியூரில் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: மலைப்பகுதி மரங்களுக்கு 1955-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. சென்னைப் பழக்கத்தில் அங்கே கை வைத்துவிடாதீர்கள்.

கிளை மின்கம்பியில் உரசுகிறது. நீங்களே எடுத்துவிடுவீர்களா?

மாட்டேன். மின்சாரத்தை நிறுத்தி, நிறுத்தியாகிவிட்டது என்று மின்வாரிய ஊழியர் நேரில் வந்து சொன்ன பிறகுதான் ஏறுவேன். பச்சை மரத்தில் ஈரம் ஓடுகிறது, கயிற்றிலும் ஈரம் இருக்கும். 11,000 வோல்ட் கம்பி தொட வேண்டும் என்றுகூட இல்லை, நெருங்கினாலே தாவும். மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 எண்ணில் சொன்னால் ஆள் அனுப்புவார்கள். அலுமினிய ஏணியும் இரும்புத் துரட்டியும் எடுத்துக்கொண்டு நீங்களே முருங்கைக்காய் பறிக்கக் கிளம்பும்போதும் மேலே ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

தென்னை ரொம்ப உயரமாகிவிட்டது. பாதியில் வெட்டி உயரத்தைக் குறைக்க முடியுமா?

முடியாது. தென்னைக்கு வளரும் இடம் உச்சிக் குருத்து ஒன்றுதான். அது போனால் மரம் போச்சு. மற்ற மரங்களைப் போலத் தென்னை காயத்தை மூடிக்கொள்ளவும் செய்யாது. ஏறுவதற்குத் தண்டில் கொத்திய படிகள் கடைசிவரை அப்படியே திறந்து கிடக்கும், அதன் வழியே சிவப்புக் கூன்வண்டு உள்ளே போகும். ஏறுவதற்குக் கருவி வைத்திருக்கும் ஆளைக் கூப்பிடுங்கள்.

பழுத்துத் தொங்கும் மட்டை, காய்ந்த பாளை, முற்றிய காய் இவற்றை இறக்கினால் போதும். பச்சை மட்டைகளை எடுத்து விளக்குமாறு மாதிரி மேலே நாலைந்து மட்டும் விட்டுவைப்பதால் காய்ப்புதான் குறையும். அடித்தண்டிலிருந்து செம்பழுப்பாகச் சாறு வடிந்தால் அது தஞ்சாவூர் வாடல் நோயாக இருக்கலாம். வேளாண் அலுவலரிடம் காட்டுங்கள்.

மாடிச் சுவரில் அரசங்கன்று முளைத்திருக்கிறது. எவ்வளவு பிடுங்கினாலும் திரும்ப வருகிறதே?

காக்காயும் மைனாவும் போட்ட விதை. மேலே தெரிவது ஒரு சாண் என்றால் உள்ளே செங்கல் இடுக்கில் அதற்கு மேல் வேர் ஓடியிருக்கும். இழுத்தால் தண்டு மட்டும் கையோடு வரும். இரண்டு இலை விட்ட உடனே, மழை பெய்து சுவர் ஊறியிருக்கும் நாளில், சுற்றியுள்ள பூச்சைக் கொத்திவிட்டு வேரோடு எடுங்கள். பிறகு அந்த இடுக்கை நல்ல கலவை வைத்து அடைத்துவிடுங்கள். ஆசிட் ஊற்றினால் செடியைவிடச் சுவருக்குத்தான் கேடு. அரசைக் கொல்ல மனம் வராதவர்கள் எடுத்ததைத் தொட்டியில் வைத்து ஏரிக்கரையிலோ கோயில் நிலத்திலோ இடம் கேட்டு நடுகிறார்கள். நன்றாகவே பிழைக்கிறது.

சாமி இருக்கும் மரத்தில் ஏறுவீர்களா?

அரசமரத்தடிப் பிள்ளையாரும் வேம்படி அம்மனும் இல்லாத பேட்டை சென்னையில் ஏது? ஏறுவோம். அங்கே வழிபடுகிறவர்கள் கற்பூரம் காட்டி முடித்த பிறகு, செருப்பைக் கழற்றிவிட்டு, அவர்கள் சம்மதத்தோடு ஏறுவோம். அந்த மரங்களுக்குக் கிளையால் வரும் தொந்தரவு குறைவு, மேடையால் வருவதுதான் அதிகம். திருவிழாவுக்குத் திருவிழா சிமெண்ட் மேடையை உயர்த்தி, டைல்ஸ் ஒட்டி, தண்டைச் சுற்றி இறுக்கிவிடுகிறார்கள். மேடையில் மரத்தைச் சுற்றி மண் தெரியும்படி விடச் சொல்லிக் கேட்டால் யாரும் மறுப்பதில்லை. அம்மனுக்கு ஊற்றுகிற தண்ணீர் மரத்துக்கும் போகட்டும் என்று சொன்னால் பூசாரிகளே முன்னால் நின்று உடைத்துக் கொடுக்கிறார்கள். சீரியல் பல்பு கம்பியை ஆணியடித்து மாட்டுவதையும் அப்படியே நிறுத்திவிடலாம்.

ஆணியால் மரத்துக்கு அப்படி என்ன ஆகிவிடும்?

விளம்பரத் தட்டி போய்விடும், ஆணி போகாது. மரம் அதை விழுங்கிக்கொண்டே பருக்கும். பல வருடம் கழித்து அந்த இடத்தை அறுக்கும்போது, வெளுத்த மரத்தூள் வந்துகொண்டிருக்கையில் திடீரென்று கருநீலக் கறை தெரியும். இரும்பு மரச்சாற்றோடு சேர்ந்த கறை அது. அதைப் பார்த்ததும் மெஷினை நிறுத்தியாக வேண்டும். நொடிக்கு 20 மீட்டருக்கு மேல் ஓடும் சங்கிலி ஆணியில் பட்டால் பல் சிதறும், சில நேரம் சங்கிலியே அறுந்து தெறிக்கும். ஆணி அடித்தவர் எப்போதோ போயிருப்பார், கிளையில் தொங்குகிறவர் முகத்துக்கு நேரே அது வரும்.

உங்கள் ஒரு நாள் எப்படி இருக்கும்? பயமாக இருக்காதா?

விடிந்ததும் தொடங்கிவிடுவோம். பத்தரை பதினொரு மணிக்கு மேல் சென்னை வெயிலில் மேலே இருப்பவருக்குத் தலை சுற்றும். ஏறுவதற்கு முன் மரத்தைச் சுற்றி நடப்பேன். அடி, தண்டு, கவை, உச்சி. அப்புறம் எறிகயிற்றைக் கவையில் போட்டு, 12 மில்லிமீட்டர் கயிற்றை ஏற்றி, ஹார்னஸை மாட்டி, முடிச்சை நகர்த்தி நகர்த்தி ஏறுவது. ரம்பத்தைக் கையில் எடுத்தால் உடம்பு இரண்டு இடத்தில் கட்டியிருக்க வேண்டும். ஒரு கயிறு தவறுதலாக அறுபட்டாலும் மற்றது பிடிக்கும். காலில் ஆணிச் செருப்பு மாட்டி ஏறுவது, முழுதாக வெட்டி எடுக்கப்போகிற மரத்தில் மட்டும். பிழைக்க வேண்டிய மரத்தில் ஒவ்வொரு அடியும் ஒரு ஓட்டை.

கிளையை அப்படியே கீழே தள்ளிவிட முடியாது. கீழே ஓடு இருக்கும், தண்ணீர்த் தொட்டி இருக்கும், துளசி மாடம் இருக்கும். கயிற்றில் கட்டி, கீழே நிற்கிறவர் மரத்தில் சுற்று போட்டு, கொஞ்சம் கொஞ்சமாக விட்டு இறக்குவார். எங்கள் வேலையில் மேலே இருப்பவரின் உயிர் கீழே இருப்பவர் கையில் இருக்கிறது. தனியாக ஏறுவது என்ற பேச்சே கிடையாது.

பயம் இருக்கிறது. இருக்கவும் வேண்டும். உயரத்தைவிட எனக்குப் பயம் மலைத்தேனீ. தூங்குமூஞ்சியின் உயர்ந்த கிளையடியில் முறத்தளவு அடை தொங்கும். ரம்பத்தின் அதிர்வு போதும், மொத்தமும் கிளம்பிவிடும். கயிற்றில் தொங்குகிறவர் ஓட முடியாது. அதனால் தேனடை தெரிந்தால் அன்றைக்கு வேலை இல்லை. மாமரத்தில் முசுறு எறும்பு கடிப்பதெல்லாம் தினப்படி விஷயம்.

மரத்தில் கூடு இருந்தால்?

தள்ளிப்போடுவோம். காக்கைகள் இங்கே ஏப்ரலிலிருந்து ஜூலைவரை கூடு வைக்கும், அதே கூட்டில் குயில் குஞ்சும் இருக்கும். பட்ட கிளையில் வட்டமாகத் துளை தெரிந்தால் செம்மார்புக் குக்குறுவானோ, பெரிய துளையானால் கிளியோ புள்ளி ஆந்தையோ உள்ளே இருக்கலாம். ஆபத்தில்லாத இடத்தில் இருக்கும் பட்ட கிளையை அப்படியே விட்டுவைக்கச் சொல்லி வீட்டுக்காரரிடம் கேட்பேன். 'டுக், டுக்' என்று காலையில் கேட்கிறதே, அது உங்கள் வீட்டுக் கிளையிலிருந்துதான் என்று சொன்னால் குழந்தைகள் இருக்கும் வீடுகளில் உடனே சம்மதம் கிடைத்துவிடும்.

கூலி எப்படி? ஒருவர் ஐந்தாயிரம் சொல்கிறார், இன்னொருவர் அதில் பாதி சொல்கிறாரே?

மரத்தின் உயரம், கீழே என்ன இருக்கிறது, கிளையைக் கயிற்றில் இறக்க வேண்டுமா, வண்டி உள்ளே வருமா, கழிவை யார் எடுப்பது என்பதை வைத்துத்தான் கணக்கு. பாதி விலை சொல்பவரிடம் ஹெல்மெட், கயிறு, காப்பீடு இருக்கிறதா என்று கேளுங்கள். கட்டையை எடுத்துக்கொள்கிறேன், காசு வேண்டாம் என்று வருகிறவரிடம் இன்னும் ஜாக்கிரதையாக இருங்கள். அவருக்கு லாபம் பெரிய கிளையில்தான், உங்களுக்குத் தேவையானது சின்னக் கிளையை எடுப்பதாக இருக்கலாம்.

இந்த வேலையைக் கற்றுக்கொள்ள என்ன படிக்க வேண்டும்?

இங்கே இதற்கென்று தனிப் படிப்பு தேடினால் கிடைப்பது அரிது. மேட்டுப்பாளையத்தில் வனக் கல்லூரி இருக்கிறது, வனவியல் படித்துவிட்டு வருகிறவர்களுக்கு மரத்தின் உடற்கூறு நன்றாகத் தெரியும். உலக அளவில் சர்வதேச மரவியல் சங்கத்தின் சான்றிதழுக்கு மதிப்பு உண்டு, தேர்வு எழுத மூன்று வருட அனுபவமாவது வேண்டும். ஆனால் கையையும் கண்ணையும் பழக்குவது மரத்தில்தான். முதல் வருடம் கீழே நின்று கயிறு பிடிக்கப் பழகுங்கள். பனையேறியும் தென்னையேறியும் பழகிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மரத்தின் ஆட்டம் உடம்பிலேயே தெரிந்திருக்கிறது. அவர்களுக்கு ஹார்னஸும் முறையான வெட்டும் சொல்லிக் கொடுத்தால் இந்த ஊருக்கு அதைவிடப் பெரிய உதவி இல்லை.

ஓய்வு நேரத்தில் என்ன செய்வீர்கள்? மரத்தைப் பார்த்தாலே அலுப்பாக இருக்காதா?

ஞாயிற்றுக்கிழமையும் மரம்தான், ரம்பம் இல்லாமல். கோயில்களின் தலமரங்களைப் போய்ப் பார்ப்பது எனக்கு ரொம்பப் பிடித்த பொழுதுபோக்கு. மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலில் புன்னை, திருவான்மியூரில் வன்னி, திருவொற்றியூரில் மகிழம். சங்கிலியாருக்குச் சுந்தரர் சத்தியம் செய்து கொடுத்தது அந்த மகிழமரத்தடியில்தான் என்பார்கள். அடையாறு பிரம்ம ஞான சபையின் ஆலமரத்தை எத்தனை தடவை பார்த்தாலும் எனக்குப் போதாது. ஏறத்தாழ 450 வயது என்கிறார்கள். 1989 புயலில் நடுத்தண்டு விழுந்துவிட்டது. ஆனாலும் விழுதுகள் ஊன்றி மரம் இருந்துகொண்டுதான் இருக்கிறது. மரத்துக்கு எது ஆதாரம் என்று புரிய வைக்க, புதிதாகச் சேரும் பையன்களை அங்கே கூட்டிப்போவேன். 'நிழல்' அமைப்பினர் நடத்தும் மர நடைகளில் கலந்துகொள்ளவும், அவர்கள் உழைப்பில் வளர்ந்த கோட்டூர்புரம் மரப் பூங்காவைப் பார்க்கவும் எல்லோருக்கும் சொல்வேன்.

விதை பொறுக்குவது இன்னொன்று. நடைபாதையில் கிடக்கும் சரக்கொன்றைக் காய், மஞ்சாடி, இலுப்பை, மகிழம் எல்லாம் சட்டைப்பையில் சேரும். சரக்கொன்றை விதையின் தோல் கெட்டி. உப்புத்தாளில் ஒரு பக்கம் தேய்த்து, இரவு தண்ணீரில் ஊறப்போட்டு நட்டால்தான் சீக்கிரம் முளைக்கும். புங்கன் அந்தப் பாடெல்லாம் படுத்தாது, மண்ணில் போட்டாலே வந்துவிடும். மாடியில் பால் கவரில் கன்று வளர்த்து, வேலைக்குப் போகிற வீட்டில் கொடுத்துவிட்டு வருவேன்.

கழித்த கட்டையில் சின்னச் சின்னச் சாமான் செதுக்குவதும் உண்டு. வேம்பில் மத்து, பூவரசில் கரண்டி, புளியில் காய் நறுக்கும் பலகை. கசாப்புக் கடையில் புளியங்கட்டைதான் ஏன் போடுகிறார்கள் என்று அதைச் செதுக்கிப் பார்த்தால் தெரியும், உளியே மழுங்கும். பலாவில் நல்ல துண்டு கிடைத்தால் தொடமாட்டேன், மிருதங்கம் செய்பவர்களுக்குக் கேட்டுப் பார்த்துக் கொடுத்துவிடுவேன். தூங்குமூஞ்சிக் காய் ஆடு வளர்ப்பவர்களுக்குப் போகும், ஆடுகளுக்கு அந்த இனிப்பு அவ்வளவு பிடிக்கும்.

புதிதாக ஒரு மரம் வைக்க வேண்டும். எதை வைக்கலாம்?

இடத்தைச் சொன்னால்தான் மரத்தைச் சொல்ல முடியும். பெசன்ட் நகர், திருவான்மியூர் மாதிரி கடற்கரை மணலும் உப்புக்காற்றும் உள்ள இடத்துக்குப் புன்னையும் பூவரசும் நன்றாக வரும். சின்ன வாசலுக்கு மகிழம், சரக்கொன்றை, பவளமல்லி. பெரிய வளாகம் இருந்தால் மருதம், இலுப்பை, நாவல். ஆலையும் அரசையும் சுவரிலிருந்து வெகுதூரம் தள்ளி, ஏரிக்கரை மாதிரியான இடத்தில் வையுங்கள். மேலே கம்பி ஓடும் இடத்தில் உயரமாகும் மரத்தை வைத்துவிட்டு வருடா வருடம் அதன் தலையைச் சீவ என்னைக் கூப்பிடாதீர்கள். முதல் மூன்று வருடம் கன்றாக இருக்கும்போதே இரட்டைத் தண்டு வராமல் ஒன்றை எடுத்துவிட்டால், முப்பது வருடம் கழித்துப் பெரிய ரம்பத்துக்கு வேலை இருக்காது. அந்தக் கவாத்துக்குக் கத்தரிக்கோல் போதும், நீங்களே செய்யலாம்.

உங்களைக் கூப்பிடுவதற்கு முன் என்ன தயாராக வைத்துக்கொள்ள வேண்டும்?

நான்கு படம் போதும். தெருவிலிருந்து முழு மரம், அடிமரமும் சுற்றியுள்ள தரையும், உங்களுக்குத் தொந்தரவு தரும் கிளை, மேலே கம்பி இருந்தால் அது. மரத்தின் பக்கத்தில் கடந்த சில வருடங்களில் பள்ளம் தோண்டினார்களா, போர்வெல் போட்டார்களா, தரையை உயர்த்தினார்களா என்று வீட்டில் பெரியவர்களிடம் கேட்டு வையுங்கள். அடுக்ககம் என்றால் சங்கத்தின் சம்மதத்தை முதலில் வாங்கிவிடுங்கள். பாதி கிளை இறங்கிய பிறகு மூன்றாவது மாடியிலிருந்து ஆட்சேபம் வந்தால் மரம்தான் கஷ்டப்படும். வேலை நாளன்று காலையில் காரையும் துணிக்கொடியையும் எடுத்துவிட்டு, பக்கத்து வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.